முந்தலில் அனுப்பும் ‘வந்தாச்சு’

என் தம்பி பாண்டி, கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, எங்கள் வீட்டு வாசலில் நின்ற ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தான். உடம்பில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. உச்சி வெயில். போடியிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலைப் பார்க்கப் பாதி நாள் ஆகும்.

ஜீப்புக்கு வெளியே என் மகள் வளர்மதி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"மாமா, இப்ப இந்த ஜீப்பு தண்ணிக்குள்ள தலைகீழாக் கெடக்கு. என்ன செய்வீங்க?"

"டிரைவரைத் திட்டுவேன்."

"டிரைவர் நான்தான்."

"அப்பத் திட்ட மாட்டேன்."

"மொதல்ல கை எங்க போகணும்?"

"கதவுக்கு. ஒரு கை கதவுல இருக்கணும். இன்னொரு கையால பெல்ட்டக் கழட்டணும். கதவ விட்ற கூடாது." இதுவரை சரியாகத்தான் சொன்னான். அதற்குமேல் தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, சட்டையில் தொங்கிய சிவப்புக் குஞ்சத்தைப் பிடித்து இழுத்துவிட்டான்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். சட்டை உப்பியது. பாண்டியின் கழுத்து காணாமல் போனது. சீட்டுக்கும் முன்பலகைக்கும் நடுவில் அவன் இறுகிக்கொண்டான். முன்னாலும் வர முடியவில்லை, பக்கவாட்டிலும் வர முடியவில்லை. நான் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"செத்துட்டீங்க மாமா," என்றாள் வளர்மதி, பரீட்சைப் பேப்பரில் மார்க் போடுகிற குரலில். "உள்ள இருக்கப்ப ஊதுனா, அது ஒங்களத் தூக்கிட்டுப் போயி மேல ஒட்ட வச்சுரும். கதவு கீழ இருக்கும். வெளிய வந்த பெறகுதான் இழுக்கணும். இன்னொரு தடவ."

தெருவில் போன பெரியவர் ஒருவர் நின்றார். "என்ன தாயி, தம்பிக்கு என்ன செய்யுது?"

"கடல்ல விழுகப் பழகுறான்," என்றேன் நான்.

"நல்லது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டுப் பைலட்

என் கணவர் காலமான பிறகு குரங்கணிக்கு மேலே இருக்கும் ஏலத் தோட்டத்தை நான் எப்படித் தலையில் போட்டுக்கொண்டேன் என்று போன வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியிருந்தேன். படித்துவிட்டு இரண்டு பேர், மகள் என்ன ஆனாள் என்று விசாரித்திருந்தார்கள். மகள் பைலட் ஆனாள்.

எப்படி ஆனாள் என்பதற்குப் பெரிய கதை எதுவும் இல்லை. படித்தாள், ஆனாள். எங்கள் வம்சத்தில் அதுவரை, மலையுச்சியில் இருக்கும் போடிமெட்டுக்கு மேலே உயரமாகப் போனவர்கள் கிடையாது. கேரளக் கடற்கரையில் ஒரு பள்ளியில் விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். பெரிய விமானம் அல்ல. ஒரே எஞ்சின், நாலு சீட்டு. ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டினாள். கதவைச் சாத்தும்போது நம் ஜீப்புக் கதவின் சத்தம்கூட வரவில்லை. தகர டப்பா மூடுகிற சத்தம்தான் வந்தது. 

அப்படிப்பட்ட விமானம் ஒன்றை ஒரு முதலாளி வாங்கியிருந்தார். கடலுக்கு நடுவே ஒரு தீவில் தங்கும் விடுதி கட்டிக்கொண்டிருந்தார். விமானத்தை அங்கே கொண்டுபோய் விட வளர்மதியைக் கேட்டார். எந்தத் தீவு என்று எழுத வேண்டாம் என்று மகள் சொல்லியிருக்கிறாள், எழுதவில்லை. இரண்டரை மணி நேரப் பயணம். அவ்வளவு நேரமும் கீழே தண்ணீர்.

செய்தி தெரிந்ததும் பாண்டி வந்து உட்கார்ந்துகொண்டான்.

"பிள்ளைக்குக் காது குத்துனப்ப யாரு மடியில வச்சுக் குத்துனீங்க?"

"உன் மடியிலதான்."

"மொட்ட போட்டப்ப?"

"அதும் உன் மடியிலதான்."

"அப்ப மொதமொதக் கடலத் தாண்டுறப்ப மட்டும் தாய்மாமன் வேணாமாக்கா?"

எங்கள் பக்கம் இதற்குப் பதில் கிடையாது. வளர்மதிதான் முடித்து வைத்தாள். "வரட்டும்மா. ஆனா நான் சொல்றத எல்லாஞ் செய்யணும்." ஜீப்பும் துண்டும் அப்படி வந்தவைதான்.

முதலில் எடை கேட்டாள். பாண்டி ஒரு எண்ணைச் சொன்னான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காய் நிறுக்கும் தராசில் ஏற்றினாள். நல்ல வித்தியாசம் இருந்தது.

"கழிவு போகச் சொன்னேன்," என்றான்.

மூட்டை நிறுத்தால் சாக்குக்கும் ஈரத்துக்கும் கொஞ்சம் கழிப்பது எங்கள் வியாபாரத்தில் வழக்கம். தன் வேட்டி, சட்டை, காலையில் தின்ற இட்லி எல்லாவற்றையும் கழித்துவிட்டு நிகர எடையைச் சொல்லியிருக்கிறான். மனசறிந்து பொய் சொல்லவில்லை.

"விமானம் கழிவு பாக்காது மாமா," என்று அவள் மொத்தத்தை எழுதிக்கொண்டாள். அவன் முதலாளிக்கு என்று கட்டி வைத்திருந்த ஏலக்காய்ப் பையையும் முறுக்குத் தூக்கையும் எடுத்துக் கீழே வைத்தாள். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவன் ரொம்ப நேரம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தான்.

நியூட்ரலில் இறங்குவது

"எஞ்சின் நின்னு போனா?" என்று நான் கேட்டேன். தாயாய்ப் பிறந்தவள் கேட்காமல் இருக்க முடியுமா?

"மெட்டுல இருந்து ஜீப்ப எப்படி எறக்குவாங்க?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தக் காலத்து டிரைவர்கள் டீசல் மிச்சம் பிடிக்க, போடிமெட்டில் எஞ்சினை அணைத்துவிட்டு, வளைவு வளைவாக நியூட்ரலில் உருட்டிக்கொண்டே அடிவாரத்துக்கு வந்துவிடுவார்கள். பிரேக்கை மட்டும் சாமி பார்த்துக்கொள்ளும். விமானமும் அதேதானாம். உயரத்தில் இருந்தால் எஞ்சின் நின்றாலும் சறுக்கிக்கொண்டே வெகுதூரம் வரலாம்.

"அதுனாலதான் முடிஞ்சவர ஒசரமாப் போவேன். கரை பக்கத்துல இருந்தா கரைக்கு வந்துருவேன்."

"பக்கத்துல இல்லாட்டி?"

"தண்ணில எறக்கணும். அலைக்கு எதிர போகக் கூடாது. அலை நீட்டுக்கு, வரப்பு மேல போற மாதிரி எறக்கணும். தண்ணியத் தொடுறதுக்கு முன்னாலயே கதவத் தொறந்து, சந்துல ஒரு செருப்பச் சொருகிறணும். இல்லைன்னா அடிக்கிற அடியில கதவு நெளிஞ்சு தொறக்காமப் போயிரும். அது மாமா சோலி."

பாண்டி காலைப் பார்த்தான். பயணத்துக்கென்று புதுத் தோல் செருப்பு வாங்கியிருந்தான். "பழசப் போட்டுட்டு வர்றேன்," என்றான்.

வழியில் பாதிக்குக் கொஞ்சம் தள்ளி ஓர் இடம் இருக்கிறதாம். அதற்கு முன்னால் கோளாறு வந்தால் திரும்பிவிட வேண்டும். தாண்டின பிறகு வந்தால் முன்னால்தான் போக வேண்டும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைப் பொறுத்து அந்த இடம் நகரும். அவள் அதை வரைபடத்தில் குறித்துக் காட்டினாள். என் கல்யாணத்திலும் அப்படி ஓர் இடம் இருந்திருக்கும், குறித்துக் காட்டத்தான் ஆள் இல்லை.

கடைசியாக உள்ளங்கை அளவில் ஒரு கருவியைக் காட்டினாள். ஆபத்து என்றால் கம்பியை நீட்டி ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அது வானத்துச் செயற்கைக்கோளுக்குச் சொல்லும், அது கடலில் தேடுகிற ஆட்களுக்குச் சொல்லும். அது எப்போதும் அவள் சட்டையிலேயே கட்டியிருக்கும்.

"இது கத்துச்சுன்னா அவங்க மொதல்ல ஒனக்குத்தான் போன் பண்ணுவாங்க."

"எனக்கு எதுக்கு? கடலுக்குப் போக வேண்டியதுதானே?"

"கைதவறி அமுக்குறவங்க நெறைய. அதுனால வீட்டுல கேப்பாங்க, நெசமாவே ஆபத்தா இல்ல சும்மாவான்னு. ஒன் நம்பரத்தான் குடுத்திருக்கேன்."

"ஏன், பள்ளிக்கூடத்து நம்பர் இல்லையா?"

"அதும் இருக்கு. ஆனா அவங்க பாத்துக்கலாம்பாங்க. மாமா வீட்டுல செல்வி அத்தைன்னா பயந்துருவாங்க. ஒலகத்துலயே நல்ல சேதி வந்தா நம்பாத ஆளு நீ ஒருத்திதாம்மா."

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

தீவில் ஓடுபாதை மட்டும்தான் உண்டு. இறங்கியதைப் பார்த்துச் சொல்ல விமான நிலைய ஆள் கிடையாது. ஆகவே இறங்கியதும் அவளோ பாண்டியோ சேதி அனுப்புவார்கள். குறித்த நேரத்துக்கு மேல் அரை மணி பார்த்துவிட்டு, சேதி வராவிட்டால் நானே தேடுகிற ஆட்களைக் கூப்பிட வேண்டும். யாரிடமும் யோசனை கேட்கக் கூடாது.

இப்படிக் காற்று முதல் செருப்பு வரை எல்லாவற்றையும் யோசித்தவள், தன் மாமன் போடிக்காரன் என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டாள்.

முந்தல் வழக்கம்

வெளியூர் வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

போடியிலிருந்து மலைக்குப் போகும் ரோட்டில், அடிவாரத்தில் இருக்கும் ஊர் முந்தல். அதற்கு மேல் வளைவுகள். ஏற ஏற டவர் போகும், வரும், போகும். தோட்டத்துக்குள் போனால் சுத்தமாகக் கிடையாது. ஆகவே ஜீப்பு முந்தலில் நின்றதும் எல்லாரும் போனை எடுத்து வீட்டுக்குச் சொல்லிவிடுவார்கள்: ‘வந்தாச்சு.’

மலை முழுக்க இன்னும் பாக்கி இருக்கும். பனி மூடியிருக்கும். எதிரே லாரி வரும். ஜீப்பில் ஏற்ற வேண்டிய ஆளுக்கு இரண்டு பங்கு ஆள் இருப்பார்கள். ஆனாலும் வந்தாச்சு. வீட்டில் இருப்பவர்களும் அதை வாங்கிக்கொண்டு உலையைப் போடப் போய்விடுவார்கள். இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. போய்ச் சேர்ந்த பிறகு சொல்ல வழியில்லை, அதனால் போகும் முன்பே சொல்லிவிடுகிறோம். நானும் எத்தனையோ தடவை முந்தலில் வடை தின்றுகொண்டே தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் பாண்டி உர லோடு ஏற்றிக்கொண்டு தனியாக ஜீப்பில் போனான். முந்தலில் வழக்கம்போல ‘வந்தாச்சு’ அனுப்பினான். மேலே ஒரு வளைவில் மூட்டைகள் ஒரு பக்கமாகச் சரிய, ஜீப்பு சரிவில் உருண்டு காப்பிச் செடிகளுக்குள் போய் நின்றது. கால் முறிந்துவிட்டது. தோட்டத்தில், ஆள் இன்னும் கிளம்பவில்லை என்று நினைத்தார்கள். வீட்டில், ஆள் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று அவன் பொண்டாட்டி செல்வி நிம்மதியாக மத்தியானத் தூக்கம் போட்டாள். பகல் முழுக்க உர மூட்டைகளுக்கு நடுவே கிடந்தான். சாயங்காலம் காப்பிப் பழம் எடுத்துத் திரும்பிய பெண்கள், செடிக்குள்ளிருந்து யாரோ கெட்ட வார்த்தை பேசுவதைக் கேட்டு இறங்கிப் பார்த்தார்கள்.

இன்றும் லேசாக விந்தித்தான் நடக்கிறான். அந்த விபத்திலிருந்து பாண்டி கற்றுக்கொண்டது, உர மூட்டையை இறுக்கிக் கட்ட வேண்டும் என்பது.

நான் கற்றுக்கொண்டது வேறு. அன்றிலிருந்து யார் ‘வந்தாச்சு’ என்று சொன்னாலும் நான் உடனே கடிகாரத்தைப் பார்ப்பேன்.

சீக்கிரமே வந்த நல்ல சேதி

தை முடிந்து, கடைசிச் சுற்றுக் காய் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. கடல் அமைதியாக இருக்கும் காலம் என்று வளர்மதி அதைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அவர்கள் கிளம்புகிற அன்று நான் தோட்டத்துக்குப் போகவில்லை. போனை முழுக்க சார்ஜ் ஏற்றி மடியில் வைத்துக்கொண்டு போடி வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். செல்வியும் வந்துவிட்டாள்.

காலையில் வளர்மதி கூப்பிட்டாள். "கெளம்பப் போறோம்மா."

"போய்ட்டு வர்றேன்னு சொல்லு."

"போய்ட்டு வர்றேம்மா."

பின்னாலிருந்து பாண்டி, "அக்கா, முதலாளி வீட்டுக்குப் போறதால புதுச் செருப்பே போட்டுட்டேன்," என்றான்.

அதற்கப்புறம் அரை மணிகூட ஆகியிருக்காது. குடும்ப வாட்சப்பில் பாண்டியின் சேதி வந்தது. ‘வந்து சேந்தாச்சு. சௌக்கியம். கடல் அருமை.’ கூடவே மூன்று கும்பிடு.

வீடு கலகலத்துவிட்டது. தேனியிலிருந்து வாழ்த்து, சின்னமனூரிலிருந்து வாழ்த்து. செல்வி சூடம் ஏற்றிவிட்டு, பாயசத்துக்குப் பாலை அடுப்பில் வைத்தாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"செல்வி, ரெண்டரை மணி நேரம் ஆகும்னுதானே சொன்னா?"

"காத்து தள்ளிருக்கும் மதினி. வெரசாப் போயிருப்பாக."

"காத்து தள்ளுனா கடலு இம்புட்டா சுருங்கும்?"

பாண்டியைக் கூப்பிட்டேன். எட்டவில்லை. வளர்மதியும் எட்டவில்லை.

"அங்கன டவரு இருக்காது மதினி."

"டவரு இல்லாத எடத்துல இருந்து சேதி எப்படி வந்துச்சு?"

செல்வி பாயசத்தைக் கிண்டினாள். "ஒங்களுக்கு எதையும் நம்ப முடியாது," என்றாள்.

எனக்குக் கண்ணால் பார்த்த மாதிரி தெரிந்தது. விமானம் கரையைத் தாண்டுகிறது. பாண்டியின் போனில் டவர் கோடு ஒவ்வொன்றாகக் குறைகிறது. அவன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்கிறான். அந்தக் கடற்கரைதான் அவனுக்கு முந்தல்.

வளர்மதியின் பள்ளிக்குப் போன் போட்டேன். மரியாதை தெரிந்தவன் ஆயிற்றே பாண்டி, அங்கேயும் அதே சேதியை அனுப்பியிருந்தான். "இறங்கினதாக் குறிச்சுட்டேன் மேடம்," என்றார் அங்கிருந்தவர்.

"அதை அழிச்சுருங்க தம்பி. அவங்க இன்னும் எறங்கல."

அவர் சிரித்தார். "நல்ல சேதிதானே மேடம்."

கேட்ட கேள்வி

அவர்கள் தீவை நெருங்கியிருக்க வேண்டிய நேரம். செல்வி டம்ளரில் பாயசத்தை ஊற்றி என் கையில் கொடுத்தாள். போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"வளர்மதியோட அம்மையா?" மலையாளம் கலந்த தமிழ். கடலில் தேடுகிற ஆட்களின் அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார். "பயப்படண்டா அம்மே. உங்க மகள் பேரில் உள்ள கருவி சிக்னல் தருது. இடம் இன்னும் சரியாக் கிட்டல. பெரும்பாலும் கைதவறி அமுக்கினதாத்தான் இருக்கும். பள்ளியில் கேட்டோம், இறங்கியாச்சுன்னு பறஞ்சாங்க. உங்களுக்கும் மெசேஜ் வந்ததா?"

"வந்துச்சு."

"அப்போ எத்திட்டாங்க, வந்து சேந்துட்டாங்க, இல்லே? நீங்க உறுதியாச் சொன்னா நாங்க நிறுத்திக்கலாம்."

செல்வி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஆமான்னு சொல்லுங்க மதினி. வந்துட்டாகன்னு சொல்லுங்க. சும்மா அமுக்குனதுக்கு ஊரக் கூட்டுனா பிள்ளைக்கு வேலை போயிரும்."

அவள் பயம் வேலையைப் பற்றியது அல்ல என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த விமானத்தில் இருப்பது அவள் புருஷன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆமாம் என்று சொல்லத்தான் ஆசையாக இருந்தது. ஆமாம் என்றால் அவர்கள் கரையில் இருக்கிறார்கள். இல்லை என்றால் என் பிள்ளையை நானே என் வாயால் கடலில் தள்ளுகிற மாதிரி இருந்தது. பாயச டம்ளரைத் தரையில் வைத்தேன். 

"சார்," என்றேன். "எங்க ஊர்ல வந்தாச்சுன்னு சேதி வந்தா, இன்னும் மலையே ஏறலைன்னு அர்த்தம்."

 "எந்தா?" என்றார் அவர், புரியாமல்.

சொன்னேன். முந்தலைச் சொன்னேன், டவரைச் சொன்னேன், உர லோடைச் சொன்னேன். என் தம்பி பகல் முழுக்கக் காப்பிச் செடிக்குள் கிடந்ததைச் சொன்னேன். இவ்வளவு வேகமாக நான் வாழ்க்கையில் பேசினதில்லை. அவர் குறுக்கே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மெசேஜ் எப்போ வந்தது?"

நேரத்தைச் சொன்னேன். கிளம்பின நேரத்தையும் சொன்னேன். அவர் பக்கத்தில் யாரிடமோ மலையாளத்தில் அவசரமாகப் பேசுவது கேட்டது. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அவங்க வந்து சேரல சார். கடல்லதான் இருக்காங்க. தேடுங்க."

"சரி அம்மே. போனை ஃப்ரீயா வைங்க."

செல்வி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்னா வாயி மதினி ஒங்க வாயி," என்றாள்.  குலசாமி பெயரைத் தவிர எனக்கு எதுவும் வாயில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே நகர்ந்து வந்து என் மேல் சாய்ந்துகொண்டாள். இரண்டு பேரும் மடியில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாயசத்தில் ஆடை படிந்தது.

ஒரு செருப்பு

நடந்ததைப் பிற்பாடு சொன்னார்கள். வளர்மதி குறித்துக் காட்டிய அந்த இடத்தைத் தாண்டிய பிறகு எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்துவிட்டதாம். திரும்புவதைவிடத் தீவு பக்கம், அதனால் வளர்மதி முன்னாலேயே போயிருக்கிறாள். எஞ்சின் நின்றது. கருவியை அமுக்கிவிட்டு, நியூட்ரலில் இறங்குகிற மாதிரி சறுக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். தீவு கண்ணுக்குத் தெரிந்ததாம். எட்டத்தான் இல்லை.

"மாமா, செருப்பு."

"புதுசும்மா."

"மாமா."

கழற்றிக் கதவுச் சந்தில் சொருகியிருக்கிறான். அலை நீட்டுக்கு இறக்கினாள். சக்கரம் தண்ணீரில் மாட்டி விமானம் குப்புறக் கவிழ்ந்தது.

"கண்ணுக்கு ஒண்ணுந் தெரியலக்கா. எல்லாம் பச்சையா இருந்துச்சு. எது மேல எது கீழன்னே தெரியல. ஆனா கைக்குத் தெரிஞ்சிருந்துச்சு," என்றான் பாண்டி. கை கதவுக்குப் போனது. இன்னொரு கை பெல்ட்டுக்குப் போனது. வெளியே வந்த பிறகுதான் சிவப்புக் குஞ்சத்தை இழுத்தான். வளர்மதி அவன் மணிக்கட்டில் கயிற்றால் கட்டிவிட்டிருந்த, ஊதினால் விரியும் மடிப்புப் படகும் அவனோடேயே வெளியே வந்தது.

வளர்மதியின் பக்கத்துக் கதவு நெளிந்து திறக்கவில்லை. அவள் பாண்டி வெளியேறிய கதவு வழியாகத்தான் வந்தாள். செருப்பு சொருகிய கதவு அது. இதை அவள் என்னிடம் சொன்னது ரொம்ப நாள் கழித்து, நான் வேறு ஏதோ கேட்டபோது.

தேடுகிற ஆட்கள் சொல்லி, பக்கத்தில் இருந்த மீன்பிடிப் படகு ஒன்று வந்து அவர்களைத் தூக்கியிருக்கிறது. வெயில் தாழ்ந்த நேரத்துக்குப் போன் வந்தது.

"அம்மா."

 "எங்க இருக்க?" என்று கேட்டேன்.

"கரையிலம்மா."

"கால் எதுல இருக்கு?"

"மணல்ல."

"மாமா காலு?"

"அதும் மணல்லதான். ஒத்தச் செருப்பு இருக்கு."

அப்போதுதான் அழுதேன். என் கணவர் செத்ததற்குக்கூட அப்படிச் சத்தம் போட்டு அழவில்லை. செல்வி போனைப் பிடுங்கிப் புருஷனை வைத வசவைப் பத்திரிகையில் எழுத முடியாது. அவள் முடித்ததும் நான் வாங்கினேன்.

"ஏண்டா, கரையத் தாண்டுறதுக்குள்ள வந்து சேந்தாச்சுன்னு எதுக்குடா அனுப்புன?"

"டவரு போகப் போச்சுக்கா. நீ பயந்துக்கிட்டு இருப்பியேன்னுதான்."

 திட்டுவதற்கு இடமே இல்லாத பதில். ஆனாலும் திட்டினேன்.

விமானத்துக்குச் சொந்தக்கார முதலாளி அவர்களை மலை வழியாக ஒரு வண்டியில் வீட்டுக்கு அனுப்பி வைத்தார். வண்டி மெட்டைத் தாண்டி இறங்குகிற அன்று, நானும் செல்வியும் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றோம். மெட்டிலிருந்து சேதி இல்லை. முந்தலிலிருந்தும் சேதி இல்லை.

"ஒண்ணும் வரலையே மதினி," என்றாள் செல்வி.   ஒரு பொய்ச் சேதியாவது வராதா என்று இரண்டு பேரும் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வண்டி திரும்பியது. பாண்டி கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த எங்கள் ஜீப்புக்குப் பின்னால் வந்து நின்றது. முதலில் அவன் இறங்கினான். வெறுங்கால். ஒத்தைச் செருப்பு கையில் இருந்தது. இரண்டு காலையும் தரையில் ஊன்றி, வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, எனக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றான். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினான். புதுப் போனை எடுத்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். அவனுக்குப் பின்னால் வளர்மதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

என் கையில் இருந்த போன் ஒலித்தது.

‘வந்து சேந்தாச்சு.’

அவன் முகத்தைப் பார்த்தேன். ‘சரி’ என்று பதில் அனுப்பினேன். அனுப்பிவிட்டு, அவனைத் தாண்டிக் கையை நீட்டி என் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.